மானாவாரி வீட்டுக்கு ஏற்ற இயங்குதளம் எது? கொஞ்சம் வரலாறு

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணினி, கொஞ்சம் எங்கள் ஊர்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அதன் பிறகு எங்கள் வகுப்பில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "வீட்டுல இருக்கிற பழைய லேப்டாப்புக்கு இனி என்ன போடுறது?" என்பதுதான். ஒருவன் விண்டோஸ் 11 என்கிறான். ஒருவன் லினக்ஸ் என்கிறான். இன்னொருவன், "ஒண்ணும் செய்யாத, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறான். இந்தப் பதில்கள் எதுவும் புதிதல்ல. இருபது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் அரசு, பள்ளி, கடைக்காரர், வீட்டுக்காரர் எல்லோரும் இந்தப் பதில்களைச் சொல்லிப் பார்த்தாயிற்று. எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று தெரிந்துகொண்டால் நம் வீட்டுக்கு முடிவெடுப்பது சுலபம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கரிசல் மண், கண்மாய், மழை வந்தால்தான் தண்ணீர் ஓடும் குண்டாறு, ஊருக்குள் தறியும் நூற்பாலையும். விவசாயம் பெரும்பாலும் மானாவாரி. இங்கே ஒரு வீட்டில் கணினி வந்தால் அண்ணன் கல்லூரி முடித்து, தங்கையும் கல்லூரி முடிக்கும் வரை அதுதான் கணினி.

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணைப்படி மேசைக்கணினி, மடிக்கணினியின் பயன்பாட்டு ஆயுள் 3 ஆண்டுகள். வருமான வரியிலோ கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் (முன்பு 60 சதவீதமாக இருந்தது). அதாவது ஏட்டில் மூன்று ஆண்டில் முடிந்துபோகும் பொருளை நம் வீடுகளில் பத்து ஆண்டுகள் ஓட்டுகிறோம். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பத்து ஆண்டுதான் முக்கியம்.

'நிலையானது' என்றால் என்ன?

நிலையான இயங்குதளம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் இரண்டு அர்த்தங்கள் இருக்கின்றன. ஒன்று, நடுவில் நின்றுபோகாமல் ஓடுவது. இன்னொன்று, அடிக்கடி மாறாமல் இருப்பது. இந்த இரண்டாவது அர்த்தத்தைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது டெபியன்.

1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 21-ஆம் வயதில், பொழுதுபோக்காகத் தொடங்கியது லினக்ஸ். அது இயங்குதளத்தின் கரு மட்டுமே. அதைச் சுற்றி மற்ற மென்பொருட்களையும் சேர்த்துக் கட்டினால்தான் சாதாரண மனிதர் பயன்படுத்த முடியும். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். வயது 20. (நம் வயதுதான்! காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது.)

டெபியனில் மென்பொருட்கள் பல கட்டங்களாக வரும். புதிதாக வருவது முதலில் 'நிலையற்றது' பகுதிக்குப் போகும். பெரிய பிழை இல்லை என்றால் 'சோதனை'க்கு. பிறகு எல்லாவற்றையும் ஒருநாள் உறைய வைத்து, பிழைகளை மட்டும் திருத்தி 'நிலையானது' என்று வெளியிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பதிப்பில் புது வசதி எதுவும் சேராது. பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டும் வரும். பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயர்கள். 'நிலையற்றது' பகுதிக்கு எப்போதும் ஒரே பெயர், சித். பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்!

இந்தப் பொறுமைக்கு விலையும் உண்டு. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. இடையில் வாங்கிய புதிய வன்பொருள் பலவற்றுக்கு அதில் ஆதரவு இல்லை. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் உபுண்டு. 2004 அக்டோபரில், டெபியனை அடிப்படையாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று தொடங்கினார் மார்க் ஷட்டில்வொர்த். கேட்டவர்களுக்கு இலவசமாக சிடி அனுப்பினார்கள், 2011 வரை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவது எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. 2006-ல் உபுண்டுவே நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு பதிப்பு வருகிறது. வேகத்தை விற்க வந்தவர்களும் மாறாமல் இருப்பதை ஒரு தனிப் பொருளாக வைக்க வேண்டியிருந்தது!

எக்ஸ்பி காலம்

இதே காலத்தில் நம் பக்கம் என்ன ஓடியது? விண்டோஸ் 98. பிறகு, 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி. இரண்டிலும் பெரும்பாலும் உரிமம் கிடையாது. உதிரிபாகம் வாங்கிக் கணினி பூட்டிக் கொடுப்பவரே, கையில் இருக்கும் சிடியிலிருந்து இயங்குதளத்தையும் ஏற்றிக் கொடுப்பார். கணினி மெதுவானால் 'ஃபார்மட்' அடிப்பார். பராமரிப்பு என்றால் நம் ஊர்களில் அவ்வளவுதான் அர்த்தம்.

தமிழுக்கு ஒரு தனிக் கதை. விண்டோஸ் 98 தமிழ் யுனிகோடை அறியாது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000-தான் லதா எழுத்துருவோடு முதலில் தமிழை ஏற்றது. எக்ஸ்பியில் வசதி இருந்தும் தானாக வேலை செய்யாது. கண்ட்ரோல் பேனலுக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று டிக் அடித்தால், "சிடியைப் போடு" என்று கேட்கும். சிடி கடைக்காரரிடம் இருக்கும்! இதனால் எத்தனையோ வீடுகளில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன.

அடுத்தது மேம்பாடு. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம். முழுக் கோப்பு சுமார் 266 மெகாபைட். 56 கே மோடத்தில், முழு வேகத்தில் தடையில்லாமல் வந்தாலும் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணத்தை நினைத்தால் யாரும் தொடமாட்டார்கள். 2008-க்குப் பிறகு பென் டிரைவ் வைரஸ் வீட்டுக்கு வீடு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிரவுசிங் சென்டரில் ஒரு பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தால் போதும், வைரஸ் கூடவே வந்துவிடும். பென் டிரைவைச் செருகியதும் அதிலிருப்பதைத் தானாக ஓட்டும் வழக்கத்தை எக்ஸ்பியில் மைக்ரோசாப்ட் நிறுத்தியது 2011-ல்தான்.

கரண்ட் போனால்?

தமிழ்நாட்டில் 2008-ல் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு தொடங்கியது. 2012-ல் உச்சம். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. வீட்டில் வைக்கும் சின்ன யுபிஎஸ் தாங்குவது 10, 15 நிமிடம். ஆக, பட்டென்று அணைந்து மீண்டும் எழுந்து நிற்கும் இயங்குதளம் எது என்பது இங்கே நிஜமான கேள்வி.

விண்டோஸ் 98-ல் கோப்புகள் ஃபேட்32 முறையில் இருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எது எழுதி முடிந்தது, எது பாதியில் நின்றது என்று அதற்கே தெரியாது. மறுபடி போட்டதும் 'நீங்கள் ஒழுங்காக மூடவில்லை' என்று நம்மையே குறை சொல்லிவிட்டு, தட்டு முழுவதையும் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். பழைய லினக்ஸிலும் இதே கதைதான்.

இதற்குத் தீர்வாக வந்த முறையின் பெயரைக் கேட்டால் வணிகவியல் மாணவர்கள் சிரிப்பீர்கள். ஜர்னலிங்! ஆம், நம் குறிப்பேடுதான். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் பதிந்துகொள்வது, பிறகு பேரேட்டுக்கு எடுத்து எழுதுவது. நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் குறிப்பேட்டைப் புரட்டி, முழுதாகப் பதிந்ததை முடித்துவிட்டு, அரைகுறையை விட்டுவிடும். தட்டு முழுவதையும் தேட வேண்டியதில்லை. நாம் அந்த நொடியில் தட்டச்சு செய்த வரி போய்விடலாம், ஆனால் கோப்பு அமைப்பு குலையாது. 1993-ல் விண்டோஸ் என்டி-யோடு வந்த என்டிஎஃப்எஸ் முறையில் இது இருந்தது. வீடுகளுக்கு எக்ஸ்பி வழியாக வந்தது. லினக்ஸில் ஸ்டீபன் ட்வீடி எழுதிய எக்ஸ்ட்3 முறை 2001 நவம்பரில் கருவில் சேர்ந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாடம் கற்றன. எனவே, மின்வெட்டைத் தாங்குவதில் ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்று இன்று சொல்வதற்கில்லை.

சென்னையில் பிறந்த 'பாஸ்'

2005-ல் மத்திய அரசின் உதவியோடு, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அங்கிருந்து 2007-ல் வந்ததுதான் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக பாஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஆதரவு உள்ளது.

அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அங்கிருந்த கணினிகளை சுசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாற்றினார். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் கணினிகளிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். மேல்நிலைக் கணினி அறிவியல் புத்தகம் அதற்கும் முன்பே ஸ்டார் ஆபிஸுக்கு மாறியிருந்தது.

2011 செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கு மேல். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. பொத்தானை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும். ஒரு மாநிலத்தின் ஏழை மாணவர்கள் வீட்டுக்கெல்லாம் டெபியன் குடும்பத்து இயங்குதளம் ஒன்று போய்ச் சேர்வது உலகில் அடிக்கடி நடக்கிற காரியமா?

2013-ல் இன்னொரு படி. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடியப்போகிறது என்பதால், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறவேண்டும் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. காகிதத்தில் பார்த்தால் லினக்ஸ் ஜெயித்துவிட்டது.

பிறகு ஏன் ஒட்டவில்லை?

மடிக்கணினி வாங்கிய எத்தனை பேர் பாஸைத் திறந்தார்கள் என்று உங்கள் அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் பெரும்பாலானவர்கள் விண்டோஸையே தேர்ந்தெடுத்தார்கள். சிலர் கடையில் கொடுத்து, "அந்த இன்னொண்ண எடுத்து விட்ருங்கண்ணே" என்றார்கள்.

மென்பொருள் மோசம் என்பது காரணம் அல்ல. முதல் காரணம் மோடம். 2000-களில் விற்ற உள்மோடங்கள் பல, விண்டோஸ் இருந்தால் மட்டுமே வேலை செய்பவை. லினக்ஸ் போட்டவருக்கு இணையமே வராது. இணையம் இல்லாமல் தீர்வைத் தேடவும் முடியாது! அப்போது உருவான 'லினக்ஸ்ல எதுவும் வேலை செய்யாது' என்ற பெயர், மோடங்கள் ஒழிந்த பிறகும் ஒழியவில்லை.

இரண்டாவது காரணம் டேலி. 1986-ல் கோயங்கா குடும்பம் தொடங்கிய பெங்களூரு நிறுவனம். நம் ஊர் ஜவுளிக்கடை, நூல் கமிஷன் கடை, ஆடிட்டர் அலுவலகம் எல்லாவற்றிலும் கணக்கு அதில்தான். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, கணக்குத் தாக்கலுக்கு அரசு தந்த ஆஃப்லைன் கருவியும் விண்டோஸ், எக்செல் இரண்டையும் கேட்டது. ஒரு அரசு 'லினக்ஸுக்கு மாறு' என்கிறது. இன்னொரு அரசின் படிவம் 'விண்டோஸ் இருக்கிறதா?' என்கிறது. பி.காம். படிக்கும் பையன் எதைக் கேட்பான்?

மூன்றாவது, கற்றுத்தர ஆள். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2001-ல் ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிப் பாடம் முழுவதையும் லினக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடப்புத்தகம், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு எல்லாம் ஒரே இயங்குதளத்தில். நம் ஊரிலும் புத்தகம் மோசமில்லை. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் உபுண்டுவும் ஓபன் ஆபிஸ் ரைட்டரும் உண்டு. நானே அதைப் படித்தேன். ஆனால் பள்ளியைத் தாண்டி வெளியே வந்தால் தட்டச்சுப் பயிலகம், டேலி சென்டர், ஜெராக்ஸ் கடை எல்லாமே விண்டோஸ். பழுதானால் தூக்கிக்கொண்டு போகும் கடையிலும் அதுதான் தெரியும்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017-ல் மீண்டும் விண்டோஸுக்கே போக வாக்களித்தது. பணம், நிபுணர், நிர்வாகம் எல்லாம் இருந்த ஊரிலேயே இந்த இழுபறி என்றால், சர்வீஸுக்கு பஸ் ஏறி வரவேண்டிய திருச்சுழிப் பக்கத்து கிராமத்து வீட்டில் என்ன ஆகும்?

ஆக, இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இயங்குதளம் எவ்வளவு நல்லது என்பதோடு, அது எத்தனை ஆண்டு மாறாமல் ஆதரவோடு இருக்கும், பழுதானால் கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் விதைப்பவர்கள் குதிரைவாலியையும் கம்பையும் ஏன் விடவில்லை? விளைச்சல் குறைவுதான். ஆனால் அடிக்கடி தண்ணீர் கேட்காது.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

2025 மார்ச் பட்ஜெட்டில், அன்றைய நிதியமைச்சரும் திருச்சுழித் தொகுதி சட்டமன்ற உறுப்பினருமான தங்கம் தென்னரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார். புதிய கணினி கிடைத்தவர்களுக்குக் கவலையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கணினிக்குத்தான் யோசனை வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2011-ல் கொடுத்த மடிக்கணினிகளில் அது முடியாது. விண்டோஸ் 10-க்கு வீட்டுப் பயனர்களுக்குக் கொடுத்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரைதான். திருத்தம் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதத்து வான்னாக்ரை சாட்சி. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள், இங்கிலாந்தின் மருத்துவமனைகள் உட்பட. 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்பவர்கள், அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதையாவது விட்டுவிட வேண்டும்.

என் பரிந்துரை இது:

1. வீட்டில் யாராவது டேலி, ஜிஎஸ்டி வேலை செய்கிறார்கள், கணினியும் விண்டோஸ் 11 தாங்கும் என்றால் அதிலேயே இருங்கள். வாதம் வேண்டாம்.

2. கணினி பழையது, வேலை என்பது இணையம், உதவித்தொகை விண்ணப்பம், தமிழில் கடிதம், படம் பார்ப்பது என்றால் டெபியன் நிலைப்பதிப்பு, அல்லது உபுண்டு நீண்டகாலப் பதிப்பின் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட். இரண்டுக்கும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆதரவு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது, அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா? இல்லையென்றால் நிறுவ வேண்டாம்.

4. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும்படி ஒருமுறை அமைத்துவிடுங்கள். அதன் பிறகு புதுப்பதிப்பு வந்தது என்று யார் சொன்னாலும் உடனே ஓடவேண்டாம்.

5. எந்த இயங்குதளமாக இருந்தாலும் சான்றிதழ் ஸ்கேன்களையும் குடும்பப் படங்களையும் வேறு ஒரு தட்டில் வைத்திருங்கள். பதினைந்து ஆண்டு வன்தட்டு ஒருநாள் சொல்லாமல் போகும். குறிப்பேட்டு முறை வன்தட்டைக் காப்பாற்றாது.

ஆறாவதாக ஒன்று. ஒரு தெருவில் ஒருவராவது இதைக் கற்றுவைத்திருக்க வேண்டும். 2011-ல் நம் வீடுகளுக்கு பாஸ் வந்தபோது அந்த ஒருவர் இல்லை. விடுமுறையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் கற்றுக்கொண்டுவிடலாம். உங்கள் தெருவில் அது யார்?